உங்களுக்குத் தெரியுமா? ஸ்பொன்சர் விசாவும் தீவகமும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் குறிகட்டுவான் துறையில் நயினாதீவு வள்ளத்துக்கோ நெடுந்தீவு வள்ளத்துக்கோ நிற்கிறவர்கள் வாய் திறந்தால், மூன்றாவது வசனத்தில் ஸ்பொன்சர் வந்துவிடும். “மோளின்ரை அலுவல் என்ன மாதிரி?” “மெடிக்கல் முடிஞ்சுது அன்ரி, பாஸ்போர்ட் கேட்டு இன்னும் வரேல்லை.” இந்த இரண்டு வரிக்குப் பின்னால் பல நாட்டுச் சட்டங்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றில் கொஞ்சம் இந்த முறை.

◆ பிரதமரை வீட்டுக்கு அனுப்பிய விசா

தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளுக்கான விசாவை இழுத்தடித்ததால் ஐரோப்பாவில் ஓர் அரசே போனது. நாடு டென்மார்க். அன்றைய டேனிஷ் சட்டப்படி, அகதியாக ஏற்கப்பட்டவர் தன் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் அழைப்பது உரிமை. அமைச்சர் பார்த்துச் செய்கிற தயவு அல்ல.

1987 ஜூலையில் இலங்கை–இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. சண்டை ஓயப்போகிறது, பிறகேன் குடும்பங்களைக் கூப்பிடுவான் என்ற கணக்கில், நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த செப்டெம்பரில் இலங்கைத் தமிழரின் குடும்ப விண்ணப்பங்களைத் தூக்கி ஒரு பக்கம் வைக்கச் செய்தார். மறுப்புக் கடிதம் என்றாலாவது கையில் பிடித்துக்கொண்டு வழக்காடலாம். இங்கே கடிதமே இல்லை. கோவை திறக்கப்படவில்லை, அவ்வளவுதான். அதற்கு அடுத்த மாதமே யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது என்பதையும் சேர்த்து வாசியுங்கள். ஊரில் ஷெல் விழுகிறது, கோப்பன்ஹேகன் மேசையில் சமாதானம்.

1989இல் நாடாளுமன்றத்தின் ஒம்புட்ஸ்மன் அமைச்சைக் கண்டித்தார். பிரதமர் பவுல் ஷ்லூட்டரோ எதையும் கம்பளத்துக்குக் கீழே கூட்டி மறைக்கவில்லை என்று சபையில் சொன்னார். உச்ச நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் விசாரித்தார். அவருடைய அறிக்கை 1993 ஜனவரி 14இல் வெளியானது. கிட்டத்தட்ட 6,000 பக்கம். பத்து வருடமாகப் பிரதமராக இருந்த ஷ்லூட்டர் அன்றே பதவி விலகுவதாக அறிவித்தார். நின்-ஹான்சனை விசாரிக்க, 1910க்குப் பிறகு கூடியிராத, அமைச்சர்களுக்கென்றே உள்ள சிறப்பு நீதிமன்றம் கூடியது. 1995இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு; ஒத்திவைக்கப்பட்ட நாலு மாதச் சிறை. உள்ளே போகவில்லைத்தான். ஆனாலும் ஒரு கோவையைத் திறக்காமல் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று ஒரு நாடு எழுதி வைத்ததே, அது சின்ன விசயமா? டென்மார்க்கில் இந்தச் சம்பவத்துக்கு இன்றும் பெயர் ‘தமிழர் வழக்கு’.

◆ அகதிகளின் வேதப்புத்தகம் என்று சொல்லப்படும் 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் குடும்பத்தைச் சேர்த்து வைப்பது பற்றி ஒரு பிரிவுகூட இல்லை. அதை நிறைவேற்றிய மாநாட்டின் இறுதி ஆவணத்தில் ஒரு சிபாரிசாக மட்டும் இருக்கிறது. அதனால்தான் நாட்டுக்கு நாடு இத்தனை விதம்.

◆ அண்ணன் குடும்பமா?

எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் அடி விழும். கனடாச் சட்டமோ, பொதுவாக இல்லை என்கிறது. கணவன் அல்லது மனைவி, சேர்ந்து வாழும் துணை, தங்கி வாழும் பிள்ளை, தாய் தகப்பன், பேரன் பேத்தியைக் கண்ட அப்பு ஆச்சி – முக்கியமாக இவ்வளவுதான் ஸ்பொன்சர் செய்யத்தக்க சொந்தம். கூடப் பிறந்தவர் என்றால், தாய் தகப்பன் இருவரும் இல்லாத, 18 வயதுக்குக் குறைந்த, கலியாணம் கட்டாத சகோதரம் மட்டும்.

ஆனால் ஒரு வாசல் உண்டு. கனடாவில் இருப்பவருக்குத் துணையும் இல்லை, பிள்ளையும் இல்லை, அழைக்கத்தக்க தாய் தகப்பனும் இல்லை, கனடாவில் நெருங்கிய சொந்தமும் இல்லை என்றால், எந்த வயதுச் சொந்தக்காரர் ஒருவரையும் அவர் அழைக்கலாம். மாமியோ, மருமகனோ, யாரோ ஒருவர். ‘தனித்த கனடியர்’ என்று இதைச் சொல்வார்கள். தீவகத்தில் பிறந்தவருக்கு ரொறன்ரோவில் ஒரு சொந்தமும் இல்லாமல் இருப்பது எவ்வளவு அருமை என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இந்த வாசலால் எங்கள் ஆட்கள் போவது குறைவு.

அமெரிக்காவில் சகோதரத்தை அழைக்கலாம், பிரஜையாக இருந்தால். வரிசை 15 வருடத்துக்கு மேல். தங்கச்சிக்காக எழுதிக் கொடுத்த விண்ணப்பம் சரிவரும்போது தங்கச்சியின் மகள் கம்பஸ் முடித்திருப்பாள்.

◆ பதினொரு நிமிடம்

2019 ஜனவரி 28. தாய் தகப்பனை அழைக்க விரும்புவோர் ஒன்லைனில் ஃபோர்ம் நிரப்பலாம், முந்தி வருபவருக்கு இடம் என்று கனடா அறிவித்தது. திறந்து பதினொரு நிமிடம் ஆவதற்குள் மூடிவிட்டார்கள். குறிகட்டுவானில் ஏறினவர் நயினாதீவு இறங்குதுறையில் கால் வைக்கிற நேரத்தைவிடக் குறைவு. விரல் வேகமானவனின் அம்மாவுக்கு இடம், இரண்டு வேலைக்கு ஓடுகிறவனின் அம்மாவுக்கு இல்லை என்று எழுந்த சத்தத்தில் அந்த முறையே கைவிடப்பட்டது.

2020இல் குலுக்கல். அதிலும் ஒரு கூத்து: 2020இல் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலில் இருந்துதான் 2025 வரை ஆட்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு குடியுரிமை எடுத்த, வசதி வந்த பிள்ளைக்குப் பெயர் போடவே வழி இருக்கவில்லை.

◆ குலுக்கலில் விழாத அம்மாமார் போவது கனடாவின் சுப்பர் விசாவில். 2011 டிசம்பரில் தொடங்கியபோது ஒரு தடவையில் இரண்டு வருடம் நிற்கலாம். 2022 ஜூலையில் இருந்து ஐந்து வருடம். விசா பத்து வருடம்வரை செல்லும். குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடையாது. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி, பின்னேரம் இறக்கி, இடையில் சமைத்து வைக்கிற வேலைக்கு எந்த நாட்டிலும் சம்பளப் பட்டியலும் கிடையாது. இது நான் போட்ட வரி, குடிவரவுத் திணைக்களம் போட்டது அல்ல.

◆ அவுஸ்திரேலியாவில் சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு இன்று விண்ணப்பித்தால் காத்திருப்பு 30 வருடத்துக்கு மேல் என்று அரசே சொல்கிறது. அறுபது வயது ஆச்சி கணக்குப் பார்க்கட்டும். விரைவாக வேண்டுமென்றால் பங்களிப்பு விசா. ஆளுக்கு 40,000 டொலருக்கு மேல். அதற்கும் பல வருட வரிசை.

◆ ‘சிங்கிள் எண்டு போடு’

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஆகக் கெட்டது இதுதான். கலியாணம் கட்டி ஒரு பிள்ளையும் இருக்கிற ஆளிடம், தனி ஆள் என்றால் கேஸ் சுகம் என்பார்கள். அவரும் விண்ணப்பத்தில் மனைவி பிள்ளையின் பெயரை விட்டுவிடுவார். வதிவிடம் கிடைத்ததும் ஸ்பொன்சர் போடப் போகையில்தான் விசயம் வெளிக்கும். கனடாவின் 2002ஆம் ஆண்டுக் குடிவரவு விதிகளில், வதிவிடம் பெறும்போது பெயர் காட்டாத, அதனால் பரிசோதிக்கப்படாத மனைவியும் பிள்ளையும் பிறகு குடும்பப் பிரிவில் வரவே முடியாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. எத்தனை வருடம் போனாலும் அது கழியாது. மன்னிப்புக் கேட்டு, மனிதாபிமான அடிப்படையில் கெஞ்சுவதுதான் மிச்சம்.

2019 செப்டெம்பரில் கனடா கொஞ்சம் இளகியது. அகதியாக வந்தவர்களும், தாங்களே ஸ்பொன்சரில் வந்தவர்களும், இப்படி விடுபட்டவர்களை அழைக்கப் பரீட்சார்த்தமாக ஒரு திட்டம் வந்தது, பிறகு நீடிக்கப்பட்டது. ஆனால் பெயரைக் காட்டியிருந்தால் வதிவிடமே கிடைத்திராது என்ற நிலையில் மறைத்தவருக்கு அது உதவாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அகதியாக ஏற்கப்பட்டு, விண்ணப்பத்தில் குடும்பத்தை ஒழுங்காகக் காட்டியவர், வதிவிடம் கிடைத்து ஒரு வருடத்துக்குள் கேட்டால் ஸ்பொன்சர் இல்லாமலே மனைவி பிள்ளைகளை எடுக்கலாம். உண்மையைச் சொன்னவருக்கு வழி சுருக்கம். ஏஜென்சிக்காரர் இதைச் சொல்லித் தந்ததாக யாராவது சொன்னால் எழுதி அனுப்புங்கள்.

◆ பந்தியில் சாப்பிடுகிற படமும் சாட்சி

கலியாணம் மெய்யா என்று பார்க்கிற அதிகாரிக்கு எங்கள் குறிப்பு, பொருத்தம் ஒன்றும் விளங்காது. எப்போது முதலில் கண்டது, யார் பேசி முடித்தது, இரு பக்கத்துத் தாய் தகப்பன் வந்தார்களா, விருந்து நடந்ததா என்று ஃபோர்மே கேட்கிறது. அதனால் ஸ்ரூடியோக்காரருக்கு இப்போது தனி வேலை. தாலி கட்டு, கூறை மாற்று, அறுகரிசி போடுகிற வரிசை எல்லாம் வழமை. அதோடு மாப்பிள்ளையின் பெரியப்பா பந்தியில் அப்பளம் நொறுக்குகிற படமும் வேண்டும். அவர் வந்தார், இருந்தார், சாப்பிட்டார் என்பதற்கு. முந்தி நீலக்கரை போட்ட எயார்மெயில் கடிதங்களைக் கட்டாகக் கட்டி அனுப்பினார்கள். பிறகு ரெலிபோன் பில். இப்போது வைபர், வட்ஸ்அப் பேச்சுகளை அச்செடுத்து இணைக்கிறார்கள். புதுசாகக் கட்டினவர்கள் பேசிக்கொண்டதை முன்பின் தெரியாத ஒருவர் மேசையில் வைத்து வாசிப்பார். அதையும் நினைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

◆ மாப்பிள்ளை அங்கே, பொம்பிளை இங்கே, தொலைபேசியில் தாலி என்ற கதையைக் கனடா 2015 ஜூனில் நிறுத்திவிட்டது. இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும். பிரதிநிதி வைத்து, தொலைபேசியில், ஃபக்ஸில், இணையத்தில் கட்டின கலியாணம் ஸ்பொன்சருக்குச் செல்லாது.

◆ கலியாணம் ஏன் திருச்சியில்?

நயினாதீவில் அம்மன் கோயில் இருக்க, சென்னையிலும் திருச்சியிலும் மண்டபம் பிடித்துத் தாலி கட்டியவர்கள் ஏராளம். காசைக் காட்டுவதற்கு என்று சனம் பேசியது. காரணம் வேறு. அகதிக்குத் தருகிற பயண ஆவணத்தில் சொந்த நாடு தவிர்ந்த நாடுகளுக்கே போகலாம். இலங்கைக்கு வந்தால் அகதி நிலையே கேள்விக்குள்ளாகும். ஆகவே மாப்பிள்ளை பாரிஸில் இருந்து சென்னைக்கு, பொம்பிளை வேலணையில் இருந்து சென்னைக்கு. தீவகத்தில் உள்ள மாமி மாமாமாருக்குக் கலியாணம் வீடியோ கசெற்றில்தான்.

◆ ஜேர்மனிக்கு மனைவியாகப் போகிறவர் 2007 ஓகஸ்டில் இருந்து, புறப்படும் முன்பே ஜேர்மன் மொழியில் ஏ1 பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். கொழும்பு கோதே நிறுவனத்தில் பரீட்சை. எண்பதுகளில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினில் அகதி கேட்ட ஆண்களில் பலருக்கு ஒரு ஜேர்மன் சொல்லும் தெரியாது. அவர்கள் வீட்டுக்கு மருமகளாக வருகிற பிள்ளை வினைச்சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு வருகிறாள். பிரித்தானியாவும் 2010 நவம்பரில் இருந்து துணைவருக்கு ஆங்கிலப் பரீட்சை வைத்தது.

◆ லண்டன் மாப்பிள்ளையின் விலை: துணைவரை அழைக்கப் பிரித்தானியா 2012இல் வைத்த குறைந்த ஆண்டு வருமானம் 18,600 பவுண், 2024 ஏப்ரலில் 29,000 பவுண். கடைகளிலும் பெற்றோல் ஷெட்களிலும் மணித்தியாலச் சம்பளத்துக்கு நிற்கிற பெடியள் எங்கே நிற்கிறார்கள் என்று இந்த இலக்கமே சொல்லும். சீதனம் பேசுகிற மாமாமார் இப்போது சம்பளச் சீட்டும் கேட்கிறார்கள், பிழையில்லை.

இன்னொரு பழைய கணக்கு: பொதுநலவாய நாட்டுக்காரருக்குப் பிரித்தானியா முதன்முதல் விசா கட்டாயமாக்கியது யாருக்கு? இலங்கையருக்கு. 1985இல், தமிழ் அகதிகள் வரத் தொடங்கியபோது. இந்தியா, பாகிஸ்தான், நைஜீரியா எல்லாம் அடுத்த வருடம்தான்.

◆ டீஎன்ஏ பரிசோதனை உலகில் முதலில் தீர்த்து வைத்தது கொலை வழக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு குடும்ப விசா வழக்கு. கானாவில் இருந்து பிரித்தானியாவுக்குத் திரும்பிய ஒரு பையன், தாய் என்று சொன்ன பெண்ணின் மகன்தானா என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். 1985இல், லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் முந்தின வருடம்தான் மரபணுக் கைரேகை முறையைக் கண்டுபிடித்திருந்த அலெக் ஜெஃப்ரிஸ் இரத்தத்தைச் சோதித்து, மகன்தான் என்றார். பையன் தாயோடு இருந்தான்.

◆ காரைநகரும் நோர்வேயும்

1956இல் நோர்வேக்குப் போன யாழ்ப்பாணத்து அன்ரனி இராஜேந்திரம், நோர்வேக்காரரின் உதவியோடு 1967இல் தொடக்கிய திட்டம் சீநோர். குருநகரில் வலை, காரைநகரில் வள்ளம் கட்டும் தளம். மீனவருக்குத் தொழில் கொடுக்க வந்த அந்தத் தொடர்பு, பிறகு இளைஞருக்கு வழியும் ஆனது. 1975இல் நோர்வே வேலைக்கு வருவோருக்குக் கதவை மூடியபோது மாணவருக்கும் குடும்பத்தினருக்கும் விலக்கு வைத்தது. எங்கள் பெடியள் ‘நாட்டார் உயர்பள்ளி’ எனப்படும் விடுதிப் பள்ளிகளுக்கு மாணவராகப் போனார்கள். பலர் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பின்னால் மனைவிமார் குடும்ப விசாவில் போனார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் வந்த கதைக்குத் தொடக்கம் காரைநகரிலும் குருநகரிலும் இருக்கிறது.

◆ 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் கதாநாயகன் எங்கள் அல்லைப்பிட்டிக்காரர். எழுத்தாளர் ஷோபாசக்தி என்றால் வாசகருக்குத் தெரியும். அன்ரனிதாசன் யேசுதாசன் என்பது இயற்பெயர். 1993இல் பிரான்சில் அகதியானவர். படத்தின் கதை நமது விசயத்தின் மறுபக்கம்: ஒருவரை ஒருவர் அறியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் தகப்பன், தாய், மகளாகி பிரான்சுக்குப் போகிறார்கள். சொந்தக் குடும்பத்தை நிரூபிக்க ஆல்பமும் பில்லும் சுமக்கிறவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

◆ பிரான்ஸ் 1977இல், அழைக்கப்படும் மனைவி பிள்ளைகள் வேலைக்குப் போகமாட்டோம் என்றால்தான் விடுவோம் என்று ஆணை போட்டது. 1978 டிசம்பரில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, குடும்பமாக வாழ்வது வெளிநாட்டவருக்கும் உரிமை என்றது. பாரிஸின் லா சப்பலில் தமிழ்க் கடைகள் வர இன்னும் சில வருடம் இருந்தது.

◆ வயதுக் கத்தி

கனடாவில் தங்கி வாழும் பிள்ளை என்றால் 22 வயதுக்குக் கீழ். 2014 ஓகஸ்டில் அதை 19 ஆக்கினார்கள்; 2017 ஒக்டோபரில் மறுபடி 22. அந்த மூன்று வருட இடைவெளியில் ஏ.எல். எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்றார்கள். ஒரு ஆறுதல்: விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் உள்ள வயதே கணக்கு, பிறகு பிள்ளை வளரலாம். சுவிஸில் இன்னும் இறுக்கம். அழைக்கும் உரிமை வந்த நாளில் இருந்து ஐந்து வருடத்துக்குள் கேட்க வேண்டும். பிள்ளை 12 வயது தாண்டியதென்றால் ஒரு வருடம்தான். “சோதினை முடியட்டும், பிறகு கூப்பிடுவம்” என்று தள்ளிப்போட்ட சுவிஸ் அப்பாமார் இதில்தான் மாட்டுவார்கள்.

◆ கியூபெக் தவிர்ந்த கனடாவில், மனைவியையோ கணவனையோ ஸ்பொன்சர் செய்தவர் மூன்று வருடத்துக்கும், தாய் தகப்பனை எடுத்தவர் 20 வருடத்துக்கும் பொறுப்பு. அதற்குள் விவாகரத்து நடந்தாலும் கையெழுத்து கையெழுத்துத்தான். மற்றவர் அரச உதவிப்பணம் எடுத்தால் கட்ட வேண்டியவர் ஸ்பொன்சர்காரர். கலியாணத்துக்கு முன் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இதையும் ஒருக்கால் பார்க்கலாம்.

◆ 1990 ஓகஸ்டில் படையினர் தீவகத்துக்குள் இறங்கியபோது சனம் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. பெட்டியில் இருந்த பிறப்புப் பத்திரமும் கலியாண எழுத்தும் பல வீடுகளில் போனது போனதுதான். இன்றைக்கு ஸ்பொன்சருக்கு ஃபோர்ம் நிரப்புகிறவர், பத்திரங்களுக்குப் பிரதி எடுக்க, ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் என்ற நாலு பிரதேச செயலகங்களில் எது தன்னுடையது என்பதில் தொடங்கவேண்டியிருக்கிறது. நயினாதீவுக்காரருக்கு வேலணை, அனலைதீவு, எழுவைதீவுக்காரருக்கு ஊர்காவற்றுறை. அதோடு பெயர்ப் பிரச்சினை: தகப்பன் பெயர் முன்னால், குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. ஐரோப்பிய ஃபோர்மில் ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறொன்று. ஒரே குடும்பம்தான் என்று கிராம சேவகர் கடிதம் கொடுத்து முடிகிற வேலையா அது?

◆ பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ ஓடின காலம் போய், 2025 செப்டெம்பர் 1இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கிளை திறந்தது. நெடுந்தீவுக்காரர் காலை வள்ளத்தில் வெளிக்கிட்டால் அலுவல் பார்த்துக்கொண்டு பின்னேர வள்ளத்துக்கு ஓடிவர வேண்டும். வள்ளத்தை விட்டால் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீடு.

◆ ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை, அப்பா பிறந்த நெடுந்தீவைப் பார்க்க வருவதென்றால் அதற்கு இலங்கை விசா வேண்டும். வேண்டாமென்றால் பிள்ளையின் பிறப்பை இலங்கைத் தூதரகத்தில் பதிந்து பிரஜாவுரிமை எடுத்திருக்க வேண்டும். 2003க்கு முன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு, தகப்பன் இலங்கையராக இருந்தால்தான் வம்சாவளிப் பிரஜாவுரிமை. அந்த ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் தாய் வழியும் எடுபட்டது. அப்பா வழியில் கேட்பதென்றால், பிள்ளை பிறக்கும் முன்பே அவர் கனடாப் பிரஜையாகிவிட்டவர் என்றால் முதலில் அவர் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டும். அதற்கான சட்டம் 1987இலேயே இருக்கிறது.